மத்தியகாலப் போர் மறுநடிப்புக் குழுக்களில் வில்வித்தைக்கும் எறி ஆயுதங்களுக்கும் ஆள் சேர்ப்பது எப்படி?

கோடரி எறியும் இடத்தைக் கழிப்பறைக்குப் போகிற வழியில் வையுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆறு வருடம் பட்டுத் தெரிந்துகொண்டது.

கேள்வி கேட்டவர் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறார். வாள்சண்டை என்றால் முப்பது பேர் கவசத்தோடு வந்து நிற்கிறார்கள், வில் பக்கம் மூன்று பேர்கூட எட்டிப் பார்ப்பதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். எங்கள் கதையும் அதேதான். நான் இருப்பது பென்சில்வேனியாவில். சேர்ந்திருப்பது 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' என்ற அமைப்பில், சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த கொண்டாட்டத்தில் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உலகத்தை உடுத்தி, சமைத்து, சண்டை போட்டுப் பார்ப்பதுதான் வேலை. வார நாளில் மென்பொருள், சனிக்கிழமை வில்.

முதலில், ஆள் ஏன் வருவதில்லை என்று பார்க்கலாம். எஸ்.சி.ஏ.வில் ராஜா ஆக வேண்டுமென்றால் கவசம் போட்டுக்கொண்டு பிரம்பு வாளால் சண்டை போட்டுப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். எத்தனை நல்ல வில்லாளியாக இருந்தாலும் வில்லைக் காட்டிக் கிரீடம் வாங்க முடியாது. மரியாதை எந்தப் பக்கம் இருக்கிறதோ புதிதாக வரும் இளைஞன் அந்தப் பக்கம்தானே போவான்? அதோடு பிரம்பு கேடயத்தில் படுகிற சத்தம் கார் நிறுத்துமிடம் வரை கேட்கும். அம்பு வைக்கோலில் ஏறுகிற சத்தம் எய்தவனுக்கே சரியாகக் கேட்காது.

அடுத்தது இடம். இலக்குக்குப் பின்னால் நிறைய வெற்று நிலம் வேண்டும், தப்பின அம்பு போய் விழ. அதனால் எந்த நிகழ்ச்சியிலும் வில்களம் கடைசி மூலையில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும். பொறுப்பேற்ற முதல் வருடம் நானும் அப்படித்தான் போட்டேன். அழகான அறிவிப்புப் பலகை எழுதினேன், வில்லின் வரலாறு பற்றிப் பேச நாலு பக்கக் குறிப்பு வைத்திருந்தேன். காலையிலிருந்து மாலை வரை வந்தவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் வழி தவறி வந்தவர்கள்.

எறி ஆயுதத்துக்கு அவ்வளவு நிலம் வேண்டாம். கோடரி, கத்தி, ஈட்டி மூன்றையும் பத்துப் பன்னிரண்டு அடியிலிருந்து எறியலாம். பின்னால் தடுப்பும் இரு பக்கமும் கயிறும் இருந்தால், நடமாட்டம் உள்ள இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். அடுத்த வருடம் சாப்பாட்டுக் கூடாரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் வைத்தோம். எப்பேர்ப்பட்ட வீரனும் நாளுக்கு நாலு முறை அந்த வழியாகப் போய்த்தானே ஆக வேண்டும்? கோடரி கட்டையில் இறங்குகிற அந்த 'டொக்'கைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவரை நான் பார்த்ததில்லை.

அந்த வருடம்தான் என் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். அறுபத்தெட்டு வயது, ஈரோட்டுப் பக்கம் விவசாயம். வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். எஸ்.சி.ஏ. நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் பழங்கால உடை என்று சொல்லும்படி ஏதாவது உடுத்தியிருக்க வேண்டும், அது விதி. மாமா எப்போதும் கட்டுகிற வேட்டியும் தோளில் துண்டுமாக வந்தார். ஒருத்தர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாறாக, கரைத்துணி எங்கே நெய்தது என்று இரண்டு பெண்கள் விசாரித்துவிட்டுப் போனார்கள். பல மாதம் உட்கார்ந்து கையால் தைத்த என் அங்கியை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மாப்ள, அதை இப்படிக் குடுங்க" என்றார். கைகுலுக்குவது போலப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டைச் சுழற்றக் கூடாது, கை நீண்டதும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. முதல் எறி கைப்பிடி பட்டுத் தெறித்தது. இரண்டாவதும் அப்படியே. சொல்வதற்குள் அவராகவே அரை அடி பின்னால் நகர்ந்தார். மூன்றாவது நடுக்கட்டையில் இறங்கி நின்றது. சுற்றி நின்றவர்கள் போட்ட கூச்சலில் சமையல்கூடாரத்தில் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. கட்டையிடம் போய் விரலால் தடவிப் பார்த்து, "காஞ்சு கெடக்கு, அதான் தெறிக்குது" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். குறுக்கே அறுத்த மரத்துண்டு காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். முந்தின நாளே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் சுமாரான எறியும் பிடித்து நிற்கும். நீங்கள் ஆள் சேர்க்க நினைத்தால் இதைவிட மலிவான வழி கிடையாது: ஒரு குடம் தண்ணீர். புதிதாக வருகிறவனுக்குப் பத்து எறியில் ஒன்றாவது நிற்க வேண்டும், நின்றால் பதினொன்றாவதை எறியாமல் போக மாட்டான். திருத்தம் சொல்வதும் சுலபம். காற்றில் கோடரி ஒரு சுற்று முடிப்பதற்குள் கட்டையில் பட்டால் அரை அடி பின்னால் போ, சுற்று மிஞ்சினால் அரை அடி முன்னால் வா, அவ்வளவுதான்.

இந்தியாவில் எறி ஆயுதம் உண்டா என்று அன்று ஒருவர் கேட்டார். வளரி பற்றிச் சொன்னேன். சின்ன மருதுதான் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தார் என்று கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1801இல் மருது சகோதரர்களைப் பிடித்துத் தூக்கில் போட்ட ஆங்கிலேயப் படையில் அதே வெல்ஷ் இருந்தார். கேட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமோ என்று எனக்கும் ஆகிவிட்டது. ஆனால் அவர் இப்போது எங்கள் எறிகளத்தின் நிரந்தர ஆள்.

கோடரியில் கை வைத்தவர்களை வில்லுக்குக் கொண்டுபோவது அடுத்த வேலை. "அங்கே ஓடைக்கு அந்தப் பக்கம் வில்லும் இருக்கிறது" என்று கையைக் காட்டினால் பாதிப் பேர் போக மாட்டார்கள். கூடவே நடந்து போக ஓர் ஆள் வேண்டும். போனதும் சுமை இல்லாத இரவல் வில் கையில் வர வேண்டும். இங்கேதான் பழைய கைகள் காரியத்தைக் கெடுப்பார்கள். தன் 50 பவுண்டு வில்லை (முழுதாக இழுக்க அவ்வளவு விசை வேண்டும்) எடுத்துப் புதியவரிடம் நீட்டி, "இழு பார்க்கலாம்" என்று மீசையை முறுக்குவார்கள். அவர் பாதி இழுப்பதற்குள் கை நடுங்கி, அம்பு காலடியில் விழும், அதோடு சரி. 20, 25 பவுண்டு போதும். இடது கைக்காரருக்கு ஒன்றாவது இருக்கட்டும். எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று முதலில் பாருங்கள்: இரண்டு கையையும் நீட்டி, நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால் தெரிந்துவிடும். முன்கைக் காப்பு கண்டிப்பாக வேண்டும். நாண் ஒருமுறை முழங்கைக்குக் கீழே சுண்டி இழுத்தால் அந்த நீலத் தழும்பு ஒரு வாரம் இருக்கும், அதன் சொந்தக்காரர் மறுபடி வர மாட்டார். பத்து கஜத்தில் நாலு பலூன் கட்டிவிடுங்கள். வரலாறெல்லாம் பலூன் உடைந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த கேள்வி, வந்தவரை எப்படித் தக்கவைப்பது. எஸ்.சி.ஏ.வில் இதற்கு 'ராயல் ரவுண்ட்' என்ற ஏற்பாடு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 60 செ.மீ. இலக்கு, நடுவில் பட்டால் 5, வெளி வளையத்துக்கு 1. 40, 30, 20 கஜத்தில் ஆறாறு அம்பு. கடைசியாக 20 கஜத்தில் 30 வினாடிக்குள் எத்தனை எய்ய முடியுமோ அத்தனை. சிறந்த மூன்றின் சராசரிதான் உங்கள் தகுதி. இது யாரையும் தோற்கடிக்கிற போட்டி இல்லை. போன மாதத்து எண்ணோடுதான் சண்டை. என் முதல் எண் 11. இரண்டு வருடம் கழித்து 62 வந்த அன்று வீட்டுக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி மனைவிக்குப் போன் போட்டேன். "எத்தனைக்கு 62?" என்று கேட்டாள். அந்தக் கடைசி 30 வினாடியை விளக்க ஆரம்பித்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

போர்க்கள வில்வித்தை தனி விவகாரம். அங்கே வில்லின் இழுப்பு 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. அம்பின் நுனியில் ஒன்றேகால் அங்குல அகலத்துக்குக் குறையாத மொண்ணைத் தலை. எய்கிறவரும் முழுக் கவசத்தில் இருக்க வேண்டும், ஒருமுறை எய்த அம்பைச் சோதிக்காமல் மறுபடி எய்யக் கூடாது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த நெடுவில்களை இழுக்க 100 பவுண்டுக்கு மேல் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதோடு பார்த்தால் எங்களுடையது கொலுப் பொம்மை. ஆனாலும் வாள்காரர்களுக்கு எங்கள்மேல் கோபம். மூன்று மணி நேரம் வியர்த்துக் கேடயச் சுவரைக் கட்டினால், எங்கோ இருந்து வந்த ரப்பர் நுனி ஒன்று 'நீ செத்தாய்' என்கிறது. எஸ்.சி.ஏ.வில் அடி பட்டதா என்று சொல்ல வேண்டியவர் அடி வாங்கியவர்தான். பிரம்பு அடியோடு ஒப்பிட்டால் அம்பு படுவது கொசு உட்கார்ந்த மாதிரி. கவனிக்கவில்லை என்பார்கள், சிலருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. கூச்சலும் தகராறும் அங்கேதான் தொடங்கும்.

இந்தக் கோபத்துக்குக் கிட்டத்தட்ட 900 வயது. 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கமே, அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுக்கூட்டமே, கிறிஸ்தவர்கள்மேல் வில்லையும் குறுக்குவில்லையும் பயன்படுத்தத் தடை போட்டது. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் குழுவில் இதைத் தீர்த்தது விவாதம் இல்லை, முழங்கால். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய கேடயக்காரர்கள் இரண்டு பேருக்கு முட்டி வலி. ஒரு நாள் வில்லைப் பிடித்துப் பாருங்கள் என்றேன். களத்தின் ஓரத்தில் நின்று, கேடயம் விலகுகிற அந்த அரை நொடிக்குக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கே தெரிந்தது. அவர்கள் பேசினால் மற்ற வாள்காரர்கள் கேட்பார்கள். நான் பேசினால் கேட்க மாட்டார்கள். 1415இல் இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய அஜின்கோர்ட் போரில் அம்பு தீர்ந்த பிறகு ஆங்கில வில்லாளிகள் கைக்கோடரியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கிச் சண்டை போட்டார்கள் என்ற செய்தியையும் அவர்கள்தான் இப்போது எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் எழுதிவைத்த நாலு பக்கக் குறிப்பில் இருந்தது அது.

பெரிய குழுக்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. இங்கே வருடாவருடம் ஸ்லிப்பரி ராக் பக்கத்தில் பென்சிக் என்ற பெரும் கூடல் நடக்கும், ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடாரம் போடுவார்கள். அதில் எந்த அரசு (எஸ்.சி.ஏ.வின் வட்டாரக் கிளைக்கு அதுதான் பெயர்) ஜெயித்தது என்று முடிவு செய்யும் புள்ளிகளில் வில்லுக்கும் எறி ஆயுதத்துக்கும் பங்கு உண்டு. வில்லுக்குத் தேர்ந்த வீரர்களை மட்டும் இறக்காமல், கூடலுக்கு வந்தவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து எய்து தங்கள் தரப்புக் கணக்கில் சேர்க்கலாம் என்றும் வைத்திருக்கிறார்கள். அப்போது வாள்காரத் தலைவர்களே கூடாரம் கூடாரமாகப் போய், "நீ எய்துவிட்டாயா?" என்று விரட்டுவார்கள். உங்கள் ஊரில் சின்ன அளவில் இதைச் செய்யலாம். அன்றைய சண்டையின் முடிவில் பத்துப் புள்ளியை வில்களத்திலும் கோடரிக் கட்டையிலும் ஒளித்துவையுங்கள்.

மிரட்டி வரவழைக்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள். 1363இல் இங்கிலாந்தில் மூன்றாம் எட்வர்ட், விடுமுறை நாளில் எல்லாரும் வில் பழக வேண்டும், பந்து விளையாட்டும் சேவல் சண்டையும் கூடாது, மீறினால் சிறை என்று ஆணை போட்டார். ஸ்காட்லாந்தில் 1457இல் கால்பந்தையும் கோல்ஃபையும் தடை செய்தார்கள், அதுவும் வில்லுக்காக. இன்றைக்கு அந்த இரண்டு நாட்டிலும் எது ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மாமா ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. எங்கள் வில்களத்துக்கு இப்போது சாதாரண சனிக்கிழமையிலேயே பதினைந்து பேர் வருகிறார்கள், பாதிப் பேர் கோடரி வழியாக வந்தவர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முந்தின நாள் இரவு அவரிடமிருந்து போன் வரும். பேரன் சாப்பிட்டானா, மகள் எப்படி இருக்கிறாள் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால் கேட்பார்: "மாப்ள, கட்டைக்குத் தண்ணி ஊத்திட்டீங்களா?"