மலைமேல் இருக்கும் எங்கள் சின்ன ஊருக்குப் புதிய குடிநீர்த் திட்டம் போட ஏன் பணம் புரளவே மாட்டேன் என்கிறது? சிங்கப்பூரில் இருக்கும் நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா? இப்படிக் கேட்டிருந்தீர்கள்.

நான் இங்கே சிங்கப்பூரில் பம்ப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பிறந்தது நீலகிரியில், நீங்கள் சொல்வது மாதிரியான ஓர் ஊரில். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். கோடையில் வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் விடுவார்கள். குழாய் முதலில் காற்றைக் கக்கும், பிறகு செம்மண் கலங்கலாக வரும், தெளிவதற்குள் விட்ட நேரத்தில் பாதி போய்விடும். அந்தக் கலங்கலையும் ஒரு நீல டிரம்மில் பிடித்துக் கழிவறைக்கு வைத்துக்கொள்வார். குழாய் காலியாகக் கிடக்கும் நாட்களில் ஓட்டை வழியாக வெளியில் இருக்கும் மண்ணும் அழுக்கும் உள்ளே போவதால் வரும் கலங்கல் அது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: கட்டுவதற்குப் பணம் அலைந்து திரிந்தாவது கிடைத்துவிடும். மத்திய அரசின் அம்ருத், ஜல் ஜீவன் என்ற குடிநீர்த் திட்டங்கள், மாநில அரசு மானியம் என்று வழிகள் உண்டு. கட்டிய பிறகு அதை ஓட்டத்தான் யாரும் பணம் தருவதில்லை. கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் உயரம் ஏற்ற ஏட்டுக் கணக்குப்படி 0.27 யூனிட் மின்சாரம் போதும். பம்பும் மோட்டாரும் குழாய் உராய்வும் தின்றது போக, நடைமுறையில் 0.45 யூனிட் ஆகும். அணை ஊருக்கு 500 மீட்டர் கீழே இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 2.25 யூனிட். 10,000 பேர் உள்ள ஊரில் ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர், அதாவது 2,250 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் தினமும் 18,000 ரூபாய், வருஷத்துக்கு 65 லட்சத்துக்கு மேல். 2,500 வீடுகள் பங்கு போட்டால் வீட்டுக்கு மாதம் 220 ரூபாய். இது கரண்ட் பில் மட்டும். குளோரின், பம்ப் ஆப்பரேட்டர் சம்பளம், மழையில் மண் சரிந்து உடையும் குழாய் எல்லாம் தனி. சமவெளி ஊர்களோடு ஒப்பிட்டுப் பழகிய மக்களிடம் இந்தத் தொகையைத் தண்ணீர் வரியாகக் கேட்க எந்தக் கவுன்சிலருக்கும் துணிச்சல் வராது. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தேயிலை பறிக்கும் வீடுகளில் 220 ரூபாய் பெரிய காசு.

அழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. இங்கே 40 மாடிக் கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பில் அழுத்தமானியின் முள் 12, 13 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிற்கும். 500 மீட்டரை ஒரே மூச்சில் ஏற்றினால் 50 பார். அதனால் இரண்டு மூன்று இடத்தில் பம்ப் ஹவுஸ் கட்டி, ஒவ்வொன்றிலும் உபரி பம்பும் டிரான்ஸ்ஃபார்மரும் வைக்க வேண்டும். குழாய் காட்டு வழியே போனால் 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கியாக வேண்டும். அது இழுக்க இழுக்க மதிப்பீடும் ஏறும். போதாததற்கு, மே மாதச் சுற்றுலாச் சீசன் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் எல்லாவற்றையும் பெரிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் மட்டும் எப்படி முடிந்தது என்று கேட்பார்கள். 1963-64-ல் இங்கேயும் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது. இன்று 60 லட்சம் பேருக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் என்ற ஒரே அமைப்புதான். 2025 ஏப்ரலிலிருந்து வீட்டுக் கட்டணம் கனமீட்டருக்கு தண்ணீர்ப் பாதுகாப்பு வரியோடு சேர்த்து 3.24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அரசு அடுக்குமாடி வீடுகளில் (வீவக) இருக்கும் வசதி குறைந்த குடும்பங்களுக்குத் தனியாகக் கட்டணத் தள்ளுபடி கொடுக்கிறார்கள், தண்ணீர் விலையை இறக்குவதில்லை. அதே கழகம் 2022-ல் 80 கோடி வெள்ளிக்கு 30 ஆண்டுப் பசுமைப் பத்திரம் (சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்காகக் கடன் திரட்டும் பத்திரம்) வெளியிட்டபோது, மாதாமாதம் தவறாமல் வரும் அந்தக் கட்டணமும் அதற்குப் பலம்.

சின்ன ஊரால் தனியாக இதைச் செய்யவே முடியாது. ஆனால் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2002-ல் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என ஒரு கூட்டு நிதியம் அமைத்து, 13 சின்ன உள்ளாட்சிகளுக்காகச் சேர்த்து ஒரே பத்திரம் வெளியிட்டு, சுமார் 30 கோடி ரூபாய் திரட்டினார்கள். அமெரிக்க அரசின் அப்போதைய உதவி அமைப்பான யுஎஸ்எய்ட், அசலில் பாதிக்கு உத்தரவாதம் கொடுத்தது. மலைக்கிராமங்களும் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஒரே திட்டமாகப் போவதுதான் எனக்குத் தெரிந்து உருப்படியான வழி.

இனி நாம். புதுத் தொட்டி கட்டித் தரத்தான் எல்லோருக்கும் ஆசை. தயவுசெய்து அதைத் தள்ளி வைத்துவிட்டு, தேய்ந்த பம்பை மாற்றுவதற்கும் ஒழுகும் இடங்களைக் கண்டுபிடிப்பதற்கும் பணம் சேருங்கள். ஆயிரம் லிட்டரை 100 மீட்டர் ஏற்றும் அதே வேலைக்குத் தேய்ந்த பம்ப் 0.45-க்குப் பதில் 0.65 யூனிட் வரைகூட இழுக்கும். அதை மாற்றினால் மிச்சமாவது ஒவ்வொரு மாதமும் மிச்சம். தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும், உங்கள் வேலை அதில் வருமா என்று அலுவலகத்தில் கேளுங்கள்.

அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஊர்ச் சங்கத்துக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர் அனுப்பினால் ஆகும், அதைப் பெற அந்தச் சங்கம் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வைத்திருக்க வேண்டும். நல்ல எண்ணத்தில் அனுப்பிவிட்டு ஊர்க்காரர்களைச் சிக்கலில் மாட்டிவிட வேண்டாம்.

பம்ப் ஹவுஸின் கடந்த ஒரு வருஷ மின்கட்டண ரசீதுகளும், எத்தனை மீட்டர் ஏற்றம், தினமும் எத்தனை லிட்டர் என்ற விவரமும் கிடைத்தால் பின்னூட்டத்தில் போடுங்கள். எவ்வளவு வீணாகிறது என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.