கஷ்டம் தெரியாமல் பிள்ளையை வளர்த்தது தவறா?

"என் மகன் சின்னத் தோல்விக்கே சுருண்டு விடுகிறான். நான் தாங்கித் தாங்கி வளர்த்ததுதான் காரணமா? இனி அவன் பாட்டுக்கு விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரேயடியாக விட்டுவிடாதீங்க. ஏன் என்று சொல்ல எங்கள் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கிணற்றுக்குப் போக வேண்டும்.

அம்மாவின் ஊர் ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானி வாய்க்கால் ஓரம். மண் வாய்க்கால் ஆகையால் தண்ணீர் விட்டால் கசிந்து கசிந்து பக்கத்துக் கிணறுகளிலெல்லாம் மட்டம் ஏறிவிடும். (அந்த வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதை விவசாயிகளில் ஒரு சாரார் எதிர்த்ததும் இதனால்தான்.) அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு நீச்சல் பழக்குவார்கள். முதுகில் மூன்று சுரைப்புருடை, அதாவது மிதப்பதற்காகக் கட்டிவிடும் காய்ந்த சுரைக்காய்க் குடுக்கை. நாலைந்து நாள் போனால் இரண்டு, அப்புறம் ஒன்று. அப்புச்சி படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார். நான் தண்ணீரைக் குடித்து இருமினாலும் கை நீட்ட மாட்டார். "ஒண்ணும் ஆகாது கண்ணு, காலை அடி" என்பார், அவ்வளவுதான். ஆனால் கண்ணை மட்டும் எடுக்க மாட்டார்.

மாமா ஒருவர் வேறு கட்சி. "தூக்கிப் போட்டா தானா வந்துரும்" என்று பெரியம்மா பையனைத் தள்ளியே விட்டார். அந்த அண்ணனுக்கு இப்போது ஐம்பது வயது. குடும்பத்தோடு கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போனால், எல்லோருடைய செருப்புக்கும் காவலாகக் கரையில் உட்கார்ந்திருப்பது அவர்தான். "நாங்கெல்லாம் கஷ்டப்பட்டுத்தான் மேல வந்தோம்" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் ஆய்வு ஒன்று உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடும்பச் சச்சரவு என்று பல பாரங்களைச் சுமந்து வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தேறி வந்தார்கள். அவர்களிடம் அடிக்கடி தென்பட்ட ஒன்று, நம்பிப் போக ஒரு பெரியவராவது இருந்தது. பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாத்தா பாட்டியோ ஆசிரியரோ கூட.

இவ்வளவு பேசுகிற நான் என் மகளிடம் கோட்டை விட்டேன். பேங்க் படிவம் முதல் பஸ் பாஸ் வரை எல்லாம் நானே செய்தேன். கோயமுத்தூரில் காலேஜ் சேர்ந்து முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தது. இரண்டு மாதம் என்னிடம் மறைத்துவிட்டாள். திட்டுவேன் என்ற பயமில்லை. "சொன்னா நீங்க காலேஜுக்கே வந்து நின்னுருவீங்கப்பா" என்றாள். நிஜம்தான், நின்றிருப்பேன்.

அந்தத் தடவை போகவில்லை. "என்ன பண்ணலாம்னு இருக்கற அம்மிணி?" என்று மட்டும் கேட்டேன். மேலே பேசாமல் இருந்ததுதான் பெரும்பாடு. அவளே கட்டணம் கட்டினாள், சீனியர் ஒருத்தியிடம் கணக்குக் கற்றுக்கொண்டாள், எழுதினாள், மறுபடியும் போனது. என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கடுத்த முறை ஐம்பத்திரண்டு மார்க்கில் தேறினாள். பள்ளிக்கூடத்தில் நூறு வாங்கியபோதுகூட அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

உங்கள் மகனுக்கும் ஒரு புருடையை மட்டும் முதலில் கழற்றுங்கள். வெளியூருக்குத் தனியாகப் பஸ் ஏறுவதோ, ஆசிரியரிடம் தன் சந்தேகத்தைத் தானே கேட்பதோ, ஏதாவது ஒன்று. தோற்று வந்தால் உடனே வழி சொல்லாமல், சாப்பாடு போட்டு, சொல்வதைக் கேளுங்கள். ராகிங், உடல்நலக் கேடு, உயிரை வெறுத்த பேச்சு என்றால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எனக்கு ஒரு நாள் புருடைக் கயிறு அவிழ்ந்துவிட்டது. அன்று அப்புச்சி வாயிலிருந்த வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை, வேட்டியோடு குதித்துவிட்டார்.