பல் தேய்த்துவிடக்கூடப் பணியாளர்களுக்குப் பயிற்சியா? முதியோர் இல்லங்கள் காசு பிடுங்கும் வழிதானே இது?

அப்பாவையோ அம்மாவையோ இல்லத்தில் சேர்த்துவிட்டு, இந்த மாத பில்லைப் பார்த்த சூட்டில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. கேரளாவில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாறசாலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் 9 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

எங்களிடம் ஒரு பாட்டா, களியக்காவிளைக்காரர், மறதி நோய். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. கரண்டியை நீட்டினால் தட்டிவிடுவார். 'வீம்பு' என்று ரிஜிஸ்டரில் எழுதியதே நான்தான். ஐந்தாம் நாள் கெஞ்சி வாயைத் திறக்க வைத்தால், மேல் பல்செட் எத்தனை நாளாகக் கழற்றாமல் கிடந்ததோ! அடியில் மரச்சீனிக் கிழங்கு, ஒரு மீன் முள், அண்ணம் முழுக்கச் செக்கச்செவேலென்று புண். அவருக்குப் பல்செட் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்புறம்தான் பயிற்சி. முதலில் வந்த பல் டாக்டர் ஒரு மணி நேரம் படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். ஒன்றும் மாறவில்லை. அடுத்து வந்தவர் ஆளுக்கொரு ப்ரஷ் கொடுத்து, ஒருவருக்கொருவர் தேய்த்துவிடச் சொன்னார். என்னை மல்லாக்கப் படுக்கவைத்து ஆயா அக்கா தேய்த்தார். நுரை தொண்டைக்குள் இறங்கி எனக்கு மூச்சே முட்டிவிட்டது. நிமிர்த்தி உட்காரவைத்துத் தேய்க்க வேண்டும், முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்பதை அதன்பிறகு யாரும் எங்களுக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை.

வாய்க் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். ஜப்பானில் 11 இல்லங்களில் 2 வருடம் பார்த்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், சாப்பாட்டுக்குப்பின் பணியாளர்கள் வாய் சுத்தம் செய்துவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, மற்றவர்களில் 19 சதவீதம். 'ஒரே ஆய்வை வைத்துப் பேசாதே' என்று யாராவது வருவார்கள், வரட்டும். நான் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது ராத்திரியானால் பல்செட்டைக் கழற்றி, பெயர் எழுதிய டப்பாவில் பச்சைத் தண்ணீரில் போட்டுவிடுகிறோம். வெந்நீர் ஊற்றினால் வளைந்துவிடும். அதையும் ஒரு செட்டைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். திருவனந்தபுரம் மாவட்டத்துக்குத் தைப்பொங்கலன்று கேரள அரசே உள்ளூர் விடுமுறை விடுகிறது. எங்கள் இல்லத்தில் ஓணத்துக்கு லீவு, சேலை எல்லாம் உண்டு. பொங்கலுக்கு ஒரு நாள் கேட்டால், 'நீங்க எல்லாரும் போயிட்டா யார் பார்ப்பா?' என்பார்கள். போன பொங்கலன்று காலை, ஒரு கையில் பாட்டாவின் பல்செட்டும் மறு கையில் ப்ரஷுமாக நின்றுகொண்டு, வீட்டில் பால் பொங்குவதை வீடியோ காலில் பார்த்தேன்.