மந்திரிகள் கூடும் வரை மசாலாவை நிறுத்தி வைக்கலாமா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வீட்டோடு ஒரு சின்னப் பட்டறை வைத்து மசாலாத் தூளும் மாங்காய் ஊறுகாயும் செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எஸ்வாட்டினியில், மன்சினியில், என் தங்கை மகள் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு மாதாமாதம் சரக்கு போகிறது. இப்போது மொசாம்பிக்கின் மபூட்டோவிலிருந்தும் ஒரு கடைக்காரர் கேட்கிறார். ஆகஸ்டில் சாடெக் (ஆப்பிரிக்காவின் தெற்கு வட்டார நாடுகளின் கூட்டமைப்பு) மந்திரிகள் கூடி எல்லை வரியை எல்லாம் எடுத்துவிடப் போகிறார்கள் என்று இங்கே பேச்சாக இருக்கிறது. அதுவரை பொறுத்திருந்து அனுப்பவா?"

வேண்டாம் அக்கா, இப்போதே அனுப்புங்கள். மன்சினிக்கு நீக்குவதற்குச் சுங்க வரியே கிடையாது, மபூட்டோவில் உங்களுக்கு வரக்கூடிய சிக்கலோ அந்தக் கூட்டத்தில் தீருகிற வகை இல்லை.

முதலில் மன்சினி. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, லெசோதோ, நமீபியா, எஸ்வாட்டினி ஐந்தும் சாகூ என்ற சுங்க ஒன்றியத்தில் இருக்கின்றன. அது 1910 இலிருந்து இருக்கிறது, இப்போது நடப்பில் இருப்பது 2002 இல் போட்ட ஒப்பந்தம். இந்த ஐந்துக்கும் நடுவே சுங்க வரி இல்லை, வெளியிலிருந்து வரும் பொருளுக்கு மட்டும் ஐந்து நாட்டுக்கும் ஒரே வரி. அதாவது உங்கள் மல்லியும் மிளகாயும் இந்தியாவிலிருந்து டர்பன் துறைமுகத்தில் இறங்கி வரி கட்டிவிட்டால், அதை அரைத்து மன்சினிக்கு அனுப்பும்போது மறுபடி சுங்க வரி கேட்க மாட்டார்கள். எல்லையில் உங்கள் மகள் கட்டுவது வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி. எஸ்வாட்டினியில் அது 15 சதவீதம். அது அந்த நாட்டின் உள்நாட்டு வரி, சாடெக் கூட்டத்தில் யாரும் அதைத் தொடப்போவதில்லை.

இந்த வாட் விஷயத்தில்தான் நம் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள். நீங்கள் வாட்டில் பதிவு செய்தவராக இருந்து, சரக்கை நீங்களே லாரிக்காரர் மூலம் எல்லை தாண்டி அனுப்பி, ஏற்றுமதிக் காகிதங்களை ஒழுங்காகப் பிடித்து வைத்தால், பில்லில் தென்னாப்பிரிக்க வாட் பூஜ்யம் போடலாம். மகளே காரை எடுத்து வந்து உங்கள் வாசலில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கொலேலா எல்லைச் சாவடி வழியாகப் போனால் கதை வேறு. பொதுவாக நீங்கள் 15 சதவீதம் போட்டுத்தான் விற்க வேண்டும், அவள் எல்லையில் பில்லையும் சரக்கையும் காட்டி அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்காமலே போகிறவர்கள் நிறையப் பேர், அப்புறம் அங்கேயும் 15 கட்டி ஒரே சரக்குக்கு இரண்டு நாட்டுக்கும் அழுகிறார்கள். எந்த மந்திரி கூட்டமும் தராத லாபம் இந்த ஒரு மாற்றத்தில் கிடைக்கும்.

மபூட்டோ வேறு மாதிரி. மொசாம்பிக் சாகூவில் இல்லை, 16 நாடுகள் உள்ள சாடெக்கில் இருக்கிறது. வரி போகப்போகிறது என்ற பேச்சு பழைய செய்தியின் மிச்சம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சாடெக் தடையற்ற வணிகப் பகுதி 2008 இலேயே வந்துவிட்டது, இந்த வட்டாரத்தில் செய்த பெரும்பாலான பொருள்களுக்கு வரி படிப்படியாகப் போயும் விட்டது. ஆனால் இந்த வட்டாரத்தில் செய்தது என்பதை நீங்கள் காகிதத்தில் காட்ட வேண்டும். அதற்குப் பிறப்பிடச் சான்றிதழ் என்று ஒன்று, நம் வருவாய்த் துறையான சார்ஸில் ஏற்றுமதியாளராகப் பதிந்து வாங்க வேண்டும்.

உங்கள் இரண்டு பொருளும் இங்கேதான் பிரிகின்றன. மாங்காய் லிம்போபோவிலோ வேறு உள்ளூர்த் தோட்டத்திலோ விளைந்தது என்றால் ஊறுகாய்க்குச் சான்றிதழ் கேட்க உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. மசாலா அப்படியில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பொருள்களை வெறுமனே கலப்பது, பெரிய மூட்டையைப் பிரித்துச் சின்னப் பாக்கெட்டில் போட்டு லேபிள் ஒட்டுவது, இதெல்லாம் ஒரு பொருளை இந்த ஊர்ப் பொருளாக ஆக்காது என்று சாடெக் வணிக நெறிமுறையின் (நாடுகள் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தம்) விதிகளிலேயே இருக்கிறது. வறுப்பதும் அரைப்பதும் வெறும் கலப்பைத் தாண்டிய வேலையாகக் கணக்காகுமா என்பது உங்கள் தூளின் சுங்கக் குறியீட்டுக்கு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) என்ன விதி என்பதைப் பொறுத்தது. பாட்டி காலத்துப் பக்குவம் என்று சொன்னால் சார்ஸ் அதிகாரி சிரித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் தருவார். ஆகவே எந்தத் தூளில் எந்தச் சாமான் எந்த நாட்டிலிருந்து, என்ன விலைக்கு வந்தது என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு, சுங்கக் காகித வேலை பார்த்துத் தரும் கிளியரிங் ஏஜெண்டிடம் போங்கள். மன்சினிக்குப் போகிற அதே பாக்கெட்டுக்கு இந்தக் கேள்வியே எழாது, மபூட்டோவுக்கு எழும்.

சரி, மந்திரிகள் கூடி என்னதான் செய்கிறார்கள்? சாடெக் மந்திரிகள் மன்றம் ஆகஸ்டில் தலைவர்கள் மாநாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, வருஷத் தொடக்கத்தில் இன்னொரு தடவை கூடும். முடிவுகள் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான். மந்திரிகள் ஒத்துக்கொண்டது தலைவர்களிடம் போக வேண்டும், அவர்கள் கையெழுத்திட்டதை ஒவ்வொரு நாடும் தன் ஊரில் ஏற்க வேண்டும், போதுமான நாடுகள் ஏற்காவிட்டால் அது அலமாரியில்தான் இருக்கும். ஆட்கள் தடையில்லாமல் போய்வருவது பற்றிய சாடெக் நெறிமுறைக்கு 2005 இல் கையெழுத்தானது. இருபது வருஷமாகப் பல நாடுகள் ஏற்காததால் நடப்புக்கு வராமல் கிடந்தது. கண்டம் முழுக்கத் தடையற்ற வணிகம் என்று 2018 இல் கிகாலியில் கையெழுத்தானது, தென்னாப்பிரிக்கா அந்தத் திட்டத்தில் முதல் சரக்கை நம் டர்பன் துறைமுகத்திலிருந்து அனுப்பியது 2024 ஜனவரி 31 அன்று. மாங்காய் சீசன் அத்தனை நாள் காத்திருக்குமா?

சாகூவின் மந்திரிகள் மன்றமும் தனியாகக் கூடும், வணிகத்துக்கும் நிதிக்கும் பொறுப்பான மந்திரிகள். அங்கே அனல் பறப்பது பெரும்பாலும் பொதுப் பணப்பெட்டியைப் பற்றி: ஐந்து நாடும் வசூலிக்கும் சுங்கமும் கலால் வரியும் ஒரே இடத்தில் சேர்ந்து பிறகு பங்கிடப்படுகிறது, எஸ்வாட்டினி, லெசோதோ அரசுகளின் வரவு செலவில் அந்தப் பங்கு பெரிய பகுதி. அதனால் வரியைக் குறைப்போம் என்று யாராவது சொன்னால் எதிர்ப் பக்கத்தில் ஒரு நிதி மந்திரி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். வெளிநாட்டு மல்லிக்கு வரி மாறுமா என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் கூட்ட அறிக்கையை விட்டுவிட்டு அரசிதழைப் பாருங்கள். பிரிட்டோரியாவில் உள்ள வணிக நிர்வாக ஆணையம் ஆராய்ந்து பரிந்துரைக்கும், பிறகு 1964 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் அட்டவணை திருத்தப்பட்டு அரசிதழில் வரும். அன்றைக்குத்தான் வரி மாறியதாகக் கணக்கு. சார்ஸ் இணையதளத்திலும் அந்தத் திருத்தங்களைப் போடுகிறார்கள்.

கூட்டத்தைவிட நீங்கள் பயப்பட வேண்டியது ஒரு நாடு தனியாகப் போடும் தடைக்கு. போட்ஸ்வானா 2022 ஜனவரியில் 16 வகைக் காய்கறிகளுக்கு இறக்குமதித் தடை போட்டது. அதில் இஞ்சி, பூண்டு, மஞ்சள், மிளகாய், வெங்காயம் எல்லாம் இருந்தன, இரண்டு வருஷத்துக்கு என்று சொன்னதைப் பிறகு நீட்டினார்கள். ஒன்றியத்துக்குள் சுங்க வரி இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஒப்பந்தமே சில காரணங்களுக்காக நாடுகள் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இடம் விட்டிருக்கிறது. எஸ்வாட்டினியிலும் காய்கறி போன்ற சில விளைபொருள்களுக்கு அவர்களுடைய வேளாண் சந்தை வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆகவே தூளோடு பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் ஒரு பெட்டி சேர்த்துப் போட்டு விடலாம் என்ற ஆசை வந்தால், அன்பாகவே இருந்தாலும், மகளை முதலில் அந்த வாரியத்தில் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பெட்டிக்காக மொத்த வண்டியும் எல்லையில் நிற்கும்.

மபூட்டோக்காரருக்கு இந்த மாதம் ஊறுகாய் மட்டும் ஒரு சின்னச் சரக்காகச் சான்றிதழோடு அனுப்பிப் பாருங்கள். மசாலாவுக்குச் சான்றிதழ் கிடைக்காது என்று ஏஜெண்ட் சொன்னால் மொசாம்பிக்கின் சாதாரண வரி எவ்வளவு என்று கேட்டு அதை விலையில் சேர்த்துச் சொல்லுங்கள், அந்த விலைக்கும் வேண்டுமா இல்லையா என்று அவரே சொல்லட்டும்.