மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது?

ஆடி பிறந்ததும் விதை போட்டவர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. பெரும்பாலானவை மிளகாயும் தக்காளியும்தான், அவற்றிலும் பாதி ஒரே கேள்வி: "இலை சுருளுது, என்ன மருந்து அடிக்கலாம்?" அதற்கு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவற்றுக்குத் தேவையான அளவு.

வற்றல் மிளகாயில் இருந்த விதையைத் தூவி இருபது நாள் ஆகிறது. ஒன்றுகூட முளைக்கவில்லை. கடையில்தான் விதை வாங்க வேண்டுமா? (திருநெல்வேலி)

வற்றலின் விதை முளைக்கும். ஆனால் அந்த வற்றல் எப்போது பறித்தது, எத்தனை மாதம் மூட்டையில் கிடந்தது, களத்தில் எவ்வளவு வெயில் வாங்கியது என்பது நமக்குத் தெரியாது. முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து, ஒரு டப்பாவில் மூடி, அடுப்படியில் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். எட்டு, பத்து நாளில் ஆறு ஏழு விதையாவது வெள்ளை முளை விட்டால் மீதியை மண்ணில் போடலாம். இரண்டு மூன்றுதான் விட்டதென்றால் அந்த விதையை நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் காரணமாக இருக்கலாம். விதையை ஒரு விரல் ஆழத்தில் புதைத்துவிட்டு, தினமும் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிவிடுவார்கள். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு கலந்து, கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் ஈரத்தில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் தக்காளி 5 முதல் 8 நாளில் வந்துவிடும், மிளகாய்க்கு 7 முதல் 12 நாள். காந்தாரி, பூத் ஜோலோகியா போன்ற கடுங்கார ரகங்களைப் போட்டிருந்தால் மூன்று நான்கு வாரம்கூட ஆகும். அதற்குள் நாற்றுத் தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

அடுத்த ஆண்டுக்கும் விதை எடுத்து வைக்கும் எண்ணம் இருந்தால் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகம் வேண்டாம், அதன் விதை தாய்ச்செடிபோல வராது. கோவில்பட்டி கே1, கே2 மிளகாய், பெரியகுளம் பிகேஎம்1 தக்காளி போன்ற ரகங்களை வாங்குங்கள். உங்கள் பக்கத்து ராமநாதபுரம் குண்டு மிளகாயும் நல்ல தேர்வு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, வறட்சியைத் தாங்கும்.

நன்றாக முளைத்த நாற்றுகள் அடியில் நூல்போல மெலிந்து ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. பூச்சி எதுவும் தெரியவில்லை. (சேலம்)

இது பூச்சி அல்ல, நாற்றழுகல். மண்ணில் உள்ள பித்தியம் என்ற பூஞ்சணம் மண் மட்டத்தில் தண்டைத் தாக்கும். சாய்ந்தவை பிழைக்காது, வேரோடு எடுத்துக் கொட்டுங்கள். மீதி உள்ளவற்றுக்கு இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தி, காற்றும் காலை வெயிலும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். பரவல் நிற்கவில்லையென்றால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மண் நனைய ஊற்றலாம். அடுத்த முறை விதைக்கும்போதே சில சொட்டு அரிசிக் கஞ்சியில் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் ஒரு சிட்டிகையைக் குழைத்து விதையில் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்திப் போடுங்கள். நெருக்கமாகவும் விதைக்காதீர்கள், குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை.

மிளகாய் இலை சுருண்டு செடி குட்டையாக நிற்கிறது. வேப்பெண்ணெய் மூன்று முறை அடித்தும் பயன் இல்லை. (கோவை, மதுரை, தாம்பரம், இன்னும் பல ஊர்களிலிருந்து)

எனக்கு வந்த படங்களையெல்லாம் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் சொல்லியிருந்தீர்கள், சுருட்டை நோய். ஆனால் படங்களில் இருப்பது மூன்று வேறு வேறு பிரச்சினைகள்.

செடியின் நுனி இலையைப் பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, தண்ணீரில் விட்ட தோணி மாதிரி இருக்கிறதா? அது இலைப்பேன், சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. இலை கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இருந்து, காம்பும் நீண்டிருக்கிறதா? அது மஞ்சள் சிலந்தி; வலை பின்னும் சிலந்தி அல்ல, இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிர். இலை சிறுத்து, மஞ்சளடித்து, நரம்பு தடித்து, நுனியெல்லாம் ஒரே கொத்தாகக் கூடி நிற்கிறதா? அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவந்தது.

இலைப்பேனைக் கண்ணால் பார்க்கலாம். நுனிக் கொத்தின் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில், எள்ளில் கால்வாசி நீளத்துக்கு, மெல்லிய கீற்று போல விழுந்து ஓடும். பூவைத் தட்டினால் கறுப்பாகவும் விழலாம். 2021-22-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய்க் காடுகளைச் சூறையாடிய கறுப்பு இலைப்பேன் பூவுக்குள்தான் கூட்டமாக இருக்கும். சிலந்தி அப்படி விழாது, வெறும் கண்ணுக்கும் தெரியாது. நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இலையைத் திருப்பி நடு நரம்பின் ஓரமாகப் பார்த்தால், கண்ணாடி மணிபோலப் பளபளக்கும் மஞ்சள் புள்ளிகள் மெதுவாக நகரும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பட்டமாகப் பேன் என்று நினைத்து நான் அடித்ததெல்லாம் வீண் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஏன் இவ்வளவு பிரித்துச் சொல்கிறேன் என்றால், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. சிலந்தி எட்டுக்கால் இனம், பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கான ரசாயன மருந்தை அடித்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் முதலில் சாகும், சிலந்தி பெருகும். அதற்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. இங்கே ஒரு எச்சரிக்கை: வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும். உச்சிக் கோடையிலும் வேண்டாம். ஏற்கெனவே மூன்று முறை எண்ணெய் அடித்தவர்கள் பொறுத்திருங்கள். அதுவரை ரொம்பச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் கேட்கும், ஆனால் அடிக்கிற முறையில் இருக்கிறது. 5 மில்லி எண்ணெயைக் கால் தம்ளர் காதி சோப்புக் கரைசலில் முதலில் பால்போலக் கலக்கி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் சேருங்கள். நேராகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். முதல் பாதிச் செடிக்கு வெறும் தண்ணீரும் கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெயும் போகும். ஐந்து நாளைக்கு ஒருமுறை, மூன்று தடவை அடியுங்கள். பேனின் ஒரு பகுதி வாழ்க்கை மண்ணில் நடப்பதால் தொட்டிமண்ணைக் காய்ந்த இலை மூடாக்கால் மூடுங்கள், செடியைக் காயவிடாதீர்கள். காய்ந்த செடியில்தான் பேன் ஏறும்.

வைரஸ் வந்த செடிக்கு மருந்து இல்லை. பூவும் பிஞ்சுமாக நிற்பதைப் பிடுங்க மனசு வராது, தெரியும். ஆனாலும் பிடுங்கிவிடுங்கள். அது நிற்கும் ஒவ்வொரு நாளும் வெள்ளை ஈ அதிலிருந்து பக்கத்துத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் நோயை எடுத்துப் போகும். மீதிச் செடிகளுக்கு நடுவே, செடி உயரத்தில், மஞ்சள் ஒட்டும் அட்டையைத் தொங்கவிடுங்கள். பழைய மஞ்சள் பிளாஸ்டிக் மூடியில் விளக்கெண்ணெய் தடவினாலும் போதும்.

தண்டெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது. எறும்பும் ஏறுகிறது. எறும்பு மருந்து போடலாமா? (திருச்சி)

மாவுப்பூச்சி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கள்ளிப்பூச்சி என்பார்கள். அது சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கியும் போகிறது. எறும்பு மருந்து வேண்டாம். தொட்டி நிற்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், சுவரையோ பக்கத்துச் செடியையோ இலை தொடாமல் நகர்த்துங்கள். எறும்பின் வழி அடைந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு பழைய பல் துலக்கும் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு, குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள்.

அந்தப் பஞ்சுக்கு நடுவே இன்னும் பெரிதாக, வெள்ளை முள்முள்ளாக, சுறுசுறுப்பாக நகரும் புழு ஏதாவது தெரிந்தால் அதைக் கொல்லாதீர்கள். அது பொறிவண்டின் குழந்தை, மாவுப்பூச்சியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. 2008-இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாட்டையே ஆட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் ஒரு மருந்து அல்ல. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-இல் தருவிக்கப்பட்ட கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. அன்று நம் விவசாயிகள் அடித்துப் பார்க்காத மருந்தில்லை.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்து, தோல் செருப்புபோல ஆகிறது. முட்டை ஓடு போட்டும் நிற்கவில்லை. (புதுச்சேரி)

நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், அதை ஏற்றிச் செல்லும் தண்ணீர்தான் ஒழுங்காக இருக்காது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் இப்படித்தான் ஆகும். முட்டை ஓடு கரைய மாதக் கணக்கில் ஆகும், இந்தப் பட்டத்துக்கு உதவாது. கறுத்த காய்களைப் பறித்துவிட்டு, தினமும் ஒரே அளவில் தண்ணீர் விடுங்கள், காய்ந்த இலையால் மூடாக்குப் போடுங்கள். அடுத்த கொத்து சரியாக வரும்.

சித்திரையில் தக்காளி பூவாகப் பூத்து எல்லாம் உதிர்ந்துவிட்டது. (வேலூர்)

வேலூர் வெயிலுக்கு அது உதிராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பகலில் 35 டிகிரியும் இரவில் 25 டிகிரியும் தாண்டினால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. உரம் கூட்டிப் பயனில்லை. ஐப்பசிக் கடைசியில் விதை போடுங்கள், தையில் பூக்கும், மாசியில் பறிக்கலாம்.

நேற்றுவரை பச்சையாக நின்ற தக்காளி இன்று மதியம் அப்படியே துவண்டுவிட்டது. தண்ணீர் ஊற்றியும் எழவில்லை. (தஞ்சாவூர்)

அடித்தண்டில் நாலு விரல் நீளம் வெட்டி, ஒரு கண்ணாடி தம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுனை நனையுமாறு பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால்நிறத்தில் நூல்நூலாக இறங்கினால் பாக்டீரியா வாடல். செடியையும் மண்ணையும் சேர்த்து அகற்றுங்கள். அந்தத் தொட்டியில் அல்லது வளர்ப்புப் பையில் தக்காளி, மிளகாய், கத்தரி எதுவும் இரண்டு மூன்று ஆண்டுக்கு வேண்டாம், கீரையோ வெண்டையோ போடுங்கள். பால் இறங்கவில்லையென்றால் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். வேரெல்லாம் மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் ஒரு பட்டம் செண்டுமல்லி வளர்த்து, வேப்பம் புண்ணாக்கு கலந்து பிறகு நடலாம்.

காய்க்குள் புழு. (பலரும்)

காயில் உருண்டைத் துளையிட்டு, உடம்பின் பாதி வெளியே தெரிய, தலையை உள்ளே விட்டுத் தின்றால் பச்சைக் காய்ப்புழு. காலையில் கையால் பொறுக்குவதே பத்துப் பதினைந்து செடிக்குப் போதும். தக்காளி நாற்று 25 நாளில் இருக்கும்போது 40 நாள் வளர்ந்த செண்டுமல்லியைக் கூட நட்டால், இரண்டும் ஒன்றாகப் பூக்கும், அந்தப் புழுவின் தாயான அந்துப்பூச்சி மஞ்சள் பூவில் முட்டையிடப் போகும். இலையில் வெளிறிய திட்டுத் திட்டாகச் சுரங்கமும், காயில் ஊசி குத்தியதுபோல் துளையும் இருந்தால் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து 2014-இல் இந்தியாவில் தென்பட்ட ஊசிப்புழு. திட்டு விழுந்த இலைகளை அன்றன்றே பறித்து எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

மிளகாயைக் கிளியும் தக்காளியை அணிலும் தின்கின்றன. மிளகாய்க் கரைசல் தெளித்தால் இரண்டும் ஓடுமா? (திருவண்ணாமலை)

அணில் கொஞ்ச நாள் ஓடும், கிளி ஓடாது. மிளகாயின் காரம் அணில், எலி, நாம் போன்ற பாலூட்டிகளின் நாக்கைத்தான் சுடும். பறவைக்கு அது உறைப்பதே இல்லை. விதை பறவை வயிற்றில் சிதையாமல் போய் வேறிடத்தில் முளைக்கும் என்பதால் செடிக்கும் அதுதான் வசதி. கூண்டுக் கிளிக்கு வீட்டில் மிளகாய்ப்பழம் கொடுத்து வளர்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். மிளகாய்ச் செடிக்கு வலை போடுங்கள். தக்காளியை லேசாக நிறம் மாறும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்தால் ருசி குறையாது, அணிலுக்கும் அதன் மேல் ஆசை வந்திருக்காது.

குடமிளகாயைப் பச்சை மிளகாய் பக்கத்தில் வைத்தால் காரமாகிவிடுமா? விதை எடுப்பது எப்படி? (ஈரோடு)

இந்த ஆண்டுக் காய் காரமாகாது. அதன் விதையில் அடுத்த ஆண்டு வரும் செடியில்தான் கலப்பு தெரியும். விதைக்கென்று ஒதுக்கும் மிளகாய்ச் செடியில், பூ விரியும் முன்பே ஒரு கிளையை மெல்லிய துணிப்பையால் கட்டிவிடுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் கிளையில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நன்றாகச் சிவந்து தோல் சுருங்கத் தொடங்கும்போது பறித்து, நிழலில் உலர்த்தி விதை எடுங்கள்.

தக்காளி விதையைச் சுற்றி வழவழப்பான ஒரு உறை இருக்கும், அது முளைப்பைத் தடுக்கும். சாறோடு பிழிந்து ஒரு டம்ளரில் ஒன்றரை நாள் வையுங்கள், லேசாகப் புளித்து மேலே ஆடை படரும். அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதந்து போகும். காகிதத்தில் பரப்பாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். தட்டில் உலர்த்தி, காகித உறையில் ரகமும் தேதியும் எழுதிக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். தக்காளி விதை மூன்று ஆண்டு தாண்டியும் முளைக்கும், மிளகாயை இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள்.