தேவாலயக் கூரையில் ஒரு பகுதிக்கு மட்டும் வண்ணம் ஏன்?

இங்கிலாந்தின் இடைக்காலத் தேவாலயங்கள் சிலவற்றில், நீண்ட மரக்கூரை எளிமையாக இருக்க, திருப்பீடப் பகுதியை ஒட்டிய ஓர் அங்கணம் (இரு குறுக்குச் சட்டங்களுக்கு இடைப்பட்ட கூரைப் பகுதி) மட்டும் பலகை அடைத்து, வண்ணமும் பொன்னும் பூசப்பட்டிருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த அங்கணத்தின் கீழே முன்பு என்ன இருந்தது என்பதே விடை. மக்கள் கூடும் மண்டபத்தையும் திருப்பீடப் பகுதியையும் பிரித்த மரத்தடுப்பின் மேல், சிலுவையில் தொங்கும் இயேசுவும் அவருக்கு இருபுறமும் மரியாளும் யோவானும் பெரிய சுரூபங்களாக நின்றனர். அரியணைக்கு மேலே துணி விதானம் கட்டி அரசரைச் சிறப்பித்ததைப் போல, இச்சுரூபங்களுக்கு மேலே கூரையையே விதானமாக்கினார்கள். ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் (1547–1553) சுரூபங்களை அகற்ற ஆணையிடப்பட்டது. எட்டாத உயரத்தில் இருந்த விதானங்கள் பல தப்பின. ஆகவே, இன்று நாம் காண்பது மூலவர் இல்லாத விதானம்.

தனிமனிதரின் கல்லறைக்கும் இவ்வழக்கம் பரவியது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரின் புனித மரியாள் ஆலயத்தில், 1467இல் இறந்த துணி வணிகர் ஜான் பாரெட்டின் கல்லறை இருக்கும் இடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தால், அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் ‘அருளே என்னை ஆள்க’ என்னும் பொருள்படும் வாசகமும் திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டிருக்கும். இடையிடையே பதித்த சிறு கண்ணாடித் துண்டுகள், மெழுகுவத்தி ஒளியில் விண்மீன்களாக மின்னுவதற்காகவே வைக்கப்பட்டவை. மின்விளக்கு வெளிச்சத்தில் மட்டும் பார்ப்பவருக்கு அந்த நோக்கம் முழுமையாகப் புலப்படாது என்பது என் கருத்து.