டிஷ் பாதி, பில் முழுசு

கேள்வி: வணக்கம் மேடம். வீடு மாறியதும் டிஷ் இணைப்புக்குப் பதிவு செய்தேன். கிரெடிட் கார்டு விவரத்தை அப்போதே வாங்கிக்கொண்டார்கள். சொன்ன தேதியில் டெக்னீஷியனும் வந்தார். மாடிச் சுவரில் தாங்கியை முடுக்கி, டிஷ்ஷை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "மரம் மறைக்குது, சிக்னல் வரல. உயரமான கம்பம் எடுத்துக்கிட்டு வேற ஆள் வருவாங்க" என்று சொல்லிவிட்டு, செட்-டாப் பாக்ஸை இங்கேயே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் இன்ஸ்டாலேஷன் சார்ஜும் முதல் மாதச் சந்தாவும் கார்டில் ஏறிவிட்டன. கஸ்டமர் கேரில் கேட்டால், "எங்க சிஸ்டத்துல வேலை முடிஞ்சதாத்தான் காட்டுது" என்கிறார்கள். இன்னொருவர், "அடுத்த பில்லில் கழிச்சுக்கறோம்" என்றார். இணைப்பே இல்லாதவளுக்கு ஏது அடுத்த பில்? பணம் திரும்ப வருமா, தலைமுழுகிவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தலைமுழுக வேண்டாம். வாங்கிவிடலாம்.

எழுத வருவதற்கு முன் நான் பல வருடம் இதே மாதிரி ஒரு நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் வேலை பார்த்தவள். "சிஸ்டத்துல முடிஞ்சதா காட்டுது" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. கஸ்டமர் கேரில் பேசுபவரின் திரையில் அந்த ஒரு வரிதான் தெரியும். உங்கள் வீட்டுக்கு வந்தவர் பெரும்பாலும் நிறுவனத்தின் நேரடி ஊழியராக இருக்க மாட்டார்; ஒப்பந்தக்காரரின் ஆள். முடித்த வேலைக்குத்தான் கூலி என்று பல இடங்களில் வழக்கம். கிளம்பும்போது கைபேசியில் அந்த வேலைக்கான பதிவை, அதாவது ஒர்க் ஆர்டரை, 'முடிந்தது' என்று மூடிவிட்டால், அந்த நொடியே பில் தானாகக் கிளம்பிவிடும். மாடியில் டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது பில்லிங் மெஷினுக்குத் தெரியாது.

ஆனால் அதே நிறுவனத்தில் வேறு பதிவுகளும் இருக்கின்றன. கஸ்டமர் கேரில் இருப்பவர்கள் தாமாக அவற்றைத் திறந்து பார்ப்பதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணை உங்கள் கணக்கோடு சேர்த்து, சேனல்களைத் திறக்கும் கட்டளையை அனுப்பினால்தான் படம் வரும். அதற்கு ஆக்டிவேஷன் என்று பெயர். தேதியும் நேரமும் பதிவாகும். டிஷ்ஷில் சிக்னலே வராதபோது யாரும் அந்த வேலைக்குப் போக மாட்டார்கள், ஆகவே அந்தக் கட்டம் அநேகமாகக் காலியாக இருக்கும். ஒருவேளை கட்டளை அனுப்பியதாகப் பதிவு இருந்தாலும் பதற வேண்டாம். அனுப்புவது வேறு, பாக்ஸ் அதை வாங்குவது வேறு. வேலை முடிந்தபோது அளந்த சிக்னல் அளவையும், நீங்கள் போட்ட கையெழுத்தையோ கொடுத்த ஓடிபியையோ காட்டச் சொல்லுங்கள். இல்லாததை எங்கிருந்து காட்டுவார்கள்?

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். டிவி செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் கண்ணுக்கு அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. டிஷ் அந்தப் புள்ளியை நேராகப் பார்க்க வேண்டும். நடுவில் இலை அடர்ந்த மரம் வந்தால் சிக்னல் செத்துவிடும். மழையில் நனைந்த இலை என்றால் இன்னும் மோசம். வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது பொருத்த வருபவரின் வேலை. வழி இல்லை என்றால் உயரமான கம்பம் வைக்க வேண்டும், அதுவும் முடியாதென்றால் "இங்கே முடியாது" என்று எழுதி ஆர்டரை மூட வேண்டும். முடியாத வேலைக்குக் கூலி கிடையாது.

இனி போனில் பேசாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலே போதும். கோபத்தையெல்லாம் கொட்டாமல் இவ்வளவு எழுதினால் சரி:

"என் கணக்கு எண் இது, ஒர்க் ஆர்டர் எண் இது. இந்தத் தேதியில் வந்த டெக்னீஷியன் சிக்னல் கிடைக்கவில்லை என்று வேலையைப் பாதியில் விட்டுச் சென்றார். இன்றுவரை ஒரு சேனலும் வரவில்லை. இந்த எண்ணுள்ள பாக்ஸின் ஆக்டிவேஷன் பதிவையும் வேலை முடிந்ததற்கான என் ஒப்புதலையும் அனுப்புங்கள். அவை இல்லையென்றால் எடுத்த முழுத் தொகையையும் அதே கார்டுக்குத் திருப்பிச் செலுத்துங்கள். அடுத்த பில்லில் கழிப்பதை நான் ஏற்கவில்லை. உங்கள் பாக்ஸையும் டிஷ்ஷையும் ரசீது கொடுத்து எடுத்துச் செல்லலாம்."

கூடவே படங்களை இணையுங்கள்: தொங்கிக்கொண்டிருக்கும் கேபிள், பாக்ஸின் அடியில் உள்ள எண், 'சிக்னல் இல்லை' என்று காட்டும் டிவி திரை. பதில் தர ஒரு தேதியும் குறிப்பிடுங்கள். "இணைப்பை ரத்து செய்யுங்கள்" என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். ரத்து என்றால் ஓடிக்கொண்டிருந்த இணைப்பை நீங்கள் நிறுத்தியதாகிவிடும். ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறித்த கட்டணம் என்று இன்னொரு பில் வரும். உங்களுக்கு இணைப்பு தொடங்கவே இல்லையே.

மின்னஞ்சலின் கடைசியில் சொன்ன பாக்ஸ் விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். சார்ஜை எதிர்த்து ஜெயித்தவர்கள்கூட இங்கே வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பாக்ஸ் பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்து. அது திரும்பி வராவிட்டால், இன்ஸ்டாலேஷன் பணத்தைத் தந்த கையாலேயே பாக்ஸ் விலையை எடுத்துக்கொள்வார்கள். பரணில் போட்டு மறந்துவிடாதீர்கள். வாசலில் வந்து கேட்பவரிடம் ரசீது இல்லாமல் கொடுக்கவும் வேண்டாம்.

குறித்த தேதிக்குள் பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கிக்குப் போங்கள். கார்டில் எடுத்த பணத்தை வங்கி மூலமாகவே திரும்ப வாங்குவதற்குச் சார்ஜ்பேக் என்று பெயர். "பணம் எடுத்தார்கள், சேவை தரவில்லை" என்பது கார்டு நிறுவனங்களின் விதிப்புத்தகத்திலேயே தனி வகை. விசாவில் அதன் எண் 13.1. சேவை வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. நிறுவனத்தோடு பேசிப் பார்த்தீர்களா என்று வங்கி கேட்கும்; அதற்குத்தான் அந்த மின்னஞ்சல். அதை இணைத்து, 'சேவை வழங்கப்படவில்லை' என்ற வகையில் மட்டும் புகார் கொடுங்கள். 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் உங்கள் கையாலேயே உங்கள் கேஸைக் கெடுத்துக்கொள்வீர்கள், ஏனென்றால் கார்டு விவரம் கொடுத்தது நீங்கள்தான். தானாகப் பணம் எடுக்கும் அனுமதி இருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதச் சந்தாவும் போய்விடும்.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அமெரிக்கா என்றால் 1974-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் துணை நிற்கிறது: அந்த சார்ஜ் இடம்பெற்ற முதல் ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் எழுத வேண்டும். அவர்கள் 30 நாளுக்குள் கடிதம் கிடைத்ததைச் சொல்லி, அதிகபட்சம் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை தகராறில் உள்ள தொகையை நீங்கள் கட்டத் தேவையில்லை. இந்தியா என்றால் இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லும் சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற உதவி எண்; அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என் அனுபவத்தில் அவ்வளவு தூரம் போவது அபூர்வம். ஆக்டிவேஷன் பதிவைக் கேட்டு ஒரு கடிதம் வந்தாலே எங்கள் பிரிவில் மேலதிகாரியின் மேஜைக்குப் போய்விடும்.

கேள்வி: என் வீட்டுக்கு வந்தவர் பெட்டியைத் திறக்கும் முன்பே ஓடிபி கேட்டார். "அதைப் போட்டாத்தான் வேலை ஓபன் ஆகும்" என்றார். கொடுத்துவிட்டேன். இது சரியா?

பதில்: ஓடிபியோடு வந்த செய்தியை மறுபடி படியுங்கள். எதற்கான எண் என்பது அதிலேயே இருக்கும். வேலையை மூடுவதற்கானது என்றால், அதைக் கொடுப்பதும் 'எல்லாம் முடிந்தது' என்று கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான். படம் வந்து, நீங்கள் பணம் கட்டிய சேனல்களைப் போட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். அவசரப்படுத்தினால், "படம் வரட்டும் தம்பி, தரேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அவரும் கூலிக்கு ஓடுகிறவர்தான், சண்டை வேண்டாம். ஏற்கெனவே கொடுத்து, வேலையும் பாதியில் நின்றிருந்தால், இன்றே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் எழுதுகிறீர்களோ அவ்வளவு பலம்.

கேள்வி: வாடகை வீடு. டெக்னீஷியன் வந்து நின்ற பிறகுதான் வீட்டுக்காரர் சுவரில் துளை போடக் கூடாது என்று மறுத்தார். திரும்பிப் போய்விட்டார்கள். இப்போது இன்ஸ்டாலேஷன் சார்ஜ் கேட்கிறார்கள். தர வேண்டுமா?

பதில்: முழுவதும் தர வேண்டியதில்லை, எதுவுமே பொருத்தவில்லையே. ஆனால் இந்த முறை நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அனுமதி வாங்கி வைத்திருப்பது உங்கள் பொறுப்பு, ஆளை வரவழைத்ததும் நீங்கள்தான். வீண் வருகைக்குக் கட்டணம் என்று பதிவு செய்யும்போது ஏற்ற நிபந்தனைகளில் இருந்தால் அதை மட்டும் கட்டிவிட்டு, மீதிக்கு ரீஃபண்ட் கேளுங்கள். நிபந்தனையில் இல்லையென்றால் அதையும் தர வேண்டாம்.